கன்னத்துக்கு அல்ல

தந்தையின் உடல் கூடத்தின் நடுவே கிடந்தது. தலைமாட்டில் அமர்ந்திருந்த மகளின் கண்களிலோ ஈரம் என்பதே இல்லை.

தன் உடலே தனக்குப் பகையாகும் நோய் அவளுக்கு. அது மூட்டுகளை முறுக்கியதோடு கண்ணீர்ச் சுரப்பிகளையும் வற்றச் செய்து ஆண்டுகள் பலவாயின. இமைக்குந்தோறும் மணல் உரசும். செவிலி கற்பித்தபடி, காலைதோறும் வெந்நீர்த் துணியால் இமைகளுக்கு ஒற்றடமிட்டு, விளிம்பு துடைத்து, மருந்தும் விட்டுவந்தவர் இந்தத் தந்தைதான். கோணிய அவள் விரல்களுக்குக் குப்பியைப் பிதுக்கும் வலு இல்லை.

"பெத்த அப்பன் போயிட்டான், ஒரு சொட்டு விடுறாளா பாரு!" என்றாள் அத்தை, வாசல்வரை கேட்கும் ரகசியக் குரலில்.

தம்பி காதருகே குனிந்தான்.

"அக்கா, உன் மருந்தக் கன்னத்துல ரெண்டு சொட்டு விட்டுக்கோ. எல்லார் வாயும் அடங்கிடும்."

ஈரம் காக்கும், பக்கங்கள் அடைத்த அவள் கண்ணாடியைக் காலையிலேயே அவன் அலமாரியில் ஒளித்திருந்தான். பார்ப்பவர் சிரிப்பார்களாம்.

"அது ஆஸ்பத்திரியில என் ரத்தத்துலேருந்தே பிரிச்சுச் செஞ்ச கண் மருந்துடா. அத்தைக்குப் படம் காட்டவா ஊசி குத்தி எடுத்தாங்க?"

துக்கம் கேட்க வந்த செவிலியின் பார்வை முதலில் அவள் சிவந்த விழிகளில்தான் விழுந்தது.

"காலையில மருந்து விடலையா?"

"விடுறவர்தான் படுத்துட்டாரே, சிஸ்டர்."

"குடுங்க, நான் விடுறேன்."

"இன்னிக்கு நீங்க விடுவீங்க. நாளைக்கு? நானே விட வழி சொல்லுங்க. இப்பவே, இங்கயே."

"இங்கயா?" தம்பி பதறினான்.

"அப்பா முன்னாடிதான். நீ முதல்ல அந்த ஃபேன நிறுத்து, காத்து கண்ணக் காய வைக்குது."

அவள் எழுந்து கைகழுவி வந்தாள். செவிலி குப்பியின் மூடியைத் திருகித் தந்தாள்.

"விரல மறந்துடுங்க. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு அழுத்துங்க. நுனி கண்ணுல படக்கூடாது."

தலையைப் பின்னே சாய்த்து அழுத்தினாள். முதல் துளி கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"அப்பாடா, அழுதுட்டா!" அத்தை பெருமூச்சு விட்டாள்.

அவள் புறங்கையால் அதைத் துடைத்தெறிந்தாள்.

"அழல, அத்தை. குறி தப்பிடுச்சு."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த துளி தவறாமல் விழிக்குள் இறங்கியது, அதற்கடுத்தது மறுவிழிக்குள். இமைகளை மூடிச் சற்றே இருந்தாள்.

"கண்ணாடிய எடுத்துட்டு வா."

"அக்கா, எல்லாரும்..."

"பாக்கட்டும். நான் அவங்களப் பாக்க வரல."

தம்பி தலைகுனிந்து கொண்டுவந்து தந்தான். அதை அணிந்து, தந்தையின் மேல் குனிந்தாள். காலைமுதல் மங்கி எரிந்த விழிகளுக்கு அந்த முகம் இப்போது தெளிந்தது: நரைத்த புருவம், மோவாயின் பழைய தழும்பு, சவரம் தப்பிய சில மயிர்.

தூக்குபவர்கள் வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."