தேதி துடைத்த ரொட்டி

அம்சவள்ளி ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அரைகுறையாக விடமாட்டாள். நல்ல காரியமானால் எல்லோருக்கும் லாபம். தப்பான காரியத்தையும் அதே சுத்தத்தோடு செய்து முடித்துவிடுவாள் என்பதுதான் சங்கடம்.

கள்ளக்குறிச்சியில் தீனதயாளனின் சூப்பர் மார்க்கெட்டில் அவள் எட்டு வருடமாக சூப்பர்வைசர். இன்றோ நாளையோ தேதி முடிகிற ரொட்டி, பன், தயிர் எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்கு வைப்பாள். அப்படியும் விற்காதது பினாயில் தெளித்துக் குப்பை வண்டிக்குப் போகும். யாராவது பொறுக்கித் தின்று வயிறு கெட்டால் கடைப் பெயர் நாறிவிடும் என்பது முதலாளியின் பயம். தெளிக்கிற வேலையும் அம்சவள்ளியுடையதுதான். நல்ல தயிரில் பினாயிலை ஊற்றும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

ஊற்றுவதற்குப் பதிலாகக் கொடுப்பதற்கு ஓர் இடமும் இருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சாலம்மாள் என்பவள் தினமும் சாயங்காலம் கஞ்சி ஊற்றுகிறாள். கல்வராயன் மலையிலிருந்து நோயாளியோடு இறங்கி வருகிறவர்களில் படுத்திருப்பவருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு கிடைத்துவிடும். துணைக்கு வந்தவர் பாடுதான் திண்டாட்டம். சாலம்மாளும் ஒரு காலத்தில் அப்படித் துணைக்கு வந்தவள். புருஷன் பிழைக்கவில்லை, அவள் மலைக்குத் திரும்பவில்லை. நாலு பேரிடம் அரிசி கேட்டு வாங்கி அடுப்பில் ஏற்றிய பானையைப் பத்து வருடமாக அவள் இறக்கவே இல்லை.

மீந்ததை அங்கே அனுப்பலாம் என்று அம்சவள்ளி மூன்று மாதம் முதலாளியை நச்சரித்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் போராட்டம்தான் வழிவிட்டது. அம்சவள்ளியின் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டதில், கொரோனா வருடத்து அந்த டிசம்பரில் ஊரெல்லாம் கொடியும் கோஷமுமாக இருந்தது. ஒருநாள் காலை ஒன்பது மணிக்கே கடைவீதி மொத்தமும் ஷட்டரை இறக்கிவிட்டது. அன்றும் மறுநாளும் தேதி முடிகிற ரொட்டியும் தயிரும் அப்படியே உள்ளே. முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போன திருக்கோவிலூரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, இன்னிக்கு ஒருநாள் அந்தக் கொட்டாய்க்குக் குடுத்துப் பாரு. ஒழுங்கா நடந்தா தெனமும் குடுக்கலாம். கசமுசான்னு எதனா சேதி என் காதுக்கு வந்துச்சு, இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது" என்றார் போனில்.

நாலு கூடை நிறைந்தது. அப்போதுதான் அம்சவள்ளியின் கண் மஞ்சள் ஸ்டிக்கர்களில் நின்றது.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, எண்பத்தேழில், இதே கோரிக்கைக்காகத் தியாகதுருகம் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டார்கள் என்று பிடித்துப் போனவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். குத்தகை நிலம், அறுப்புக்கு ஆள் இல்லை, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நிலத்துக்காரர் வீட்டம்மா அவள் அம்மாவைத் தெருவில் நிறுத்தி ஒரு தூக்குச் சட்டியை நீட்டினாள். "நேத்து இட்லிடி. மாட்டுக்குன்னு வெச்சிருந்தேன். உன் புள்ளைங்களுக்குக் குடு" என்றாள், தெருவே கேட்க. அம்சவள்ளி தின்றாள். பசி, தின்றுவிட்டாள். இட்லி அன்றைக்கே செரித்துப் போனது. அந்தப் பேச்சு மட்டும் முப்பத்துமூன்று வருடமாகச் செரிக்கவில்லை.

விற்காமல் மீந்தது என்று அந்த மலைச்சனங்களுக்குத் தெரியவே கூடாது என்று முடிவு கட்டினாள். தேங்காயெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்தாள். பிசின் போகத் தேய்த்ததில் அடியில் அச்சடித்திருந்த தேதியும் கரைந்து வந்தது. வந்தால் வரட்டும் என்று அதையும் பளிச்சென்று துடைத்தாள். சுத்தமான வேலை! இரண்டு கூடை முடிவதற்குள் ஆட்டோக்கார ராசு வந்து ஹாரன் அடித்தான். மீதி இரண்டை அடுத்த நடைக்கு விட்டுவிட்டு, முடித்த இரண்டோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

ஊர்வலத்துக்குச் சிக்காமல் சந்து சந்தாகப் புகுந்து கொட்டகைக்குப் போனபோது மணி நாலு. அங்கே அறுபது பேருக்குக் குறையாது. டீக்கடை முதற்கொண்டு அடைப்பு என்பதால் காலையிலிருந்து பலருக்கு வாயில் பச்சைத் தண்ணீர்தான். வரவேண்டிய அரிசியும் வந்திருக்கவில்லை. பானையில் கஞ்சி முகம் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

சாலம்மாள் அம்சவள்ளிக்கு முன்பே பழக்கம், அவளைவிட நாலைந்து வயது குறைவு. முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு கூடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வாக்கா. உங்காளுங்க போராட்டம் பண்ணா எங்களுக்கு டீத்தண்ணி கூட இல்ல, பாத்தியா?" என்று கேலி பண்ணிக்கொண்டே ஒரு ரொட்டியை எடுத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஒரு தயிர் டப்பாவைத் திருப்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"தேதி எங்கக்கா?"

"எல்லாம் நல்ல சரக்கும்மா. பயப்படாம குடு."

"நல்லதுன்னு நீ சொல்ற. நான் தேதியக் கேக்கறேன்."

அம்சவள்ளி ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்று காட்டினாள்.

"நீ இப்ப துன்ற," என்றாள் சாலம்மாள். "இவுங்க பாதியத் துன்னுட்டுப் பாதிய நாளைக்குக் காலையிலன்னு முடிஞ்சி வெப்பாங்க. எது தாங்கும், எது தாங்காதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? காசு குடுத்து வாங்கறவனுக்குத் தேதி போட்டுத் தர்றீங்க. எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு அழிச்சீங்க? இத எடுத்துக்கினு போயிடுக்கா."

அம்சவள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று மாதம் நாயாய் அலைந்து வாங்கிய அனுமதி! 'பசியோட இருக்கிறவங்களுக்கு இவ்ளோ நோட்டம் எதுக்கு' என்ற பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தூக்குச் சட்டியை நீட்டிய அந்த அம்மாவின் குரல் அது. இத்தனை வருடம் யாரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாளோ அவளே தன் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று உடம்பு கூசிப் போயிற்று.

"நான்தான் அழிச்சேன்," என்றாள் மெதுவாக. "கடையில விக்காம நின்னது இதெல்லாம். தெரிஞ்சா உங்களுக்குக் கேவலமா இருக்கும்னு நெனச்சேன்."

சாலம்மாள் கையிலிருந்த தயிர் டப்பாவைக் கூடையில் திரும்ப வைத்தாள். பிறகு, "எங்க வூட்ல யாருக்கு சாமை குடுத்தாலும் எந்த வருசத்து சாமைன்னு வாயால சொல்லித்தான் மொறத்துல போடுவோம். பழசுன்னா ஜாஸ்தி நேரம் ஊறணும், அதுக்குத்தான். பழசக் குடுக்கறதுல இன்னா கேவலம்? மாட்டுக்குப் போடும்போதுதான் ஒண்ணும் சொல்லமாட்டோம். அதுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள்.

அம்சவள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கொட்டகைக்கு வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டாள். இந்த ஏற்பாடு இன்றோடு நின்றுபோகும் என்று தெரிந்துதான் போட்டாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்: ஸ்டிக்கர், எண்ணெய், துடைத்த தேதி, திருப்பிவிட்ட இரண்டு கூடை.

அந்தப் பக்கம் கல்யாண நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தி முதலாளி கேட்டார்:

"அந்தம்மா ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துச்சா?"

"ஆமாங்க."

"அறுபது பேர் பசியில குந்தியிருக்கும்போது, வேணாம்னு சொல்லிச்சா?"

"ஆமாங்க."

"அப்ப தெனமும் குடு. கண்ண மூடிக்கினு வாங்கிப் போடுவாங்கன்னுதானே நான் பயந்துக்கினு இருந்தேன்," என்றார் தீனதயாளன். "நீ மட்டும் அந்த எண்ணெ பாட்டில வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடு."

மீதி இரண்டு கூடையும் ஸ்டிக்கரோடு வந்து சேர ஐந்தரை ஆயிற்று. அம்சவள்ளி கொட்டகை நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்து உரக்கச் சொன்னாள். "இந்த தயிரு இன்னியோட முடியுது, இப்பவே சாப்பிட்டுடணும். இந்த ரொட்டி நாளைக்கு வரைக்கும் தாங்கும்." முதல் இரண்டுக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

"நாளைக்கு முடியறதா பாத்துக் குடுங்க," என்று கை நீட்டினான் செல்லன் என்கிறவன். பெண்டாட்டிக்குப் பிரசவமாகி மூன்று நாள். "இன்னிக்குக் கஞ்சி போதும். காலையில டீக்கடை தொறப்பாங்களோ இன்னாவோ." யாரும் முகம் சுளிக்கவில்லை. அவரவருக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"அந்த ரெண்டு கூடைய இன்னா பண்றதுக்கா?" என்று கேட்டான் ராசு.

"உன் வூட்ல மாடு இருக்குதில்ல? ஒண்ணும் சொல்லாமப் போடு," என்றாள் சாலம்மாள். அம்சவள்ளிதான் முதலில் சிரித்தாள்.

கிளம்பும்போது சாலம்மாள் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து, அறுபது பேரும் கேட்க உரக்கச் சொன்னாள்: "போன வருசத்து சாமைக்கா. பழசு. ரெண்டு மணி நேரமாவது ஊற வெய்யி. இல்லன்னா வேவாது."

அம்சவள்ளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அந்தச் சாமையைக் கழுவி ஊறப் போட்டாள்.