கருங்கல்லில் ஒன்பது இலக்கம்

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தின் புதிய வாசல் வளைவில் வெட்டச் சொல்லி, அதன் முன்னாள் அதிபர் இராசநாயகம் கனடாவிலிருந்து ஒரு வாசகம் அனுப்பியிருந்தார். விழாச் செயலாளர் கோபிசங்கர் அதைக் கைபேசியில் காட்டினான்.

'இராசநாயகம் எண்: 333333331. எவராலும் வகுக்க முடியாத முதன்மை எண்.'

கணித ஆசிரியை நிமலினிக்குப் பழைய காந்தல் திரும்பவும் மூண்டது. அந்த எண்ணைக் கண்டவள் அவள். உயர்தரம் படிக்கையில் 31, 331, 3331 என்று மூன்றுகளைக் கூட்டிக்கொண்டே போய், ஒன்றாலும் தன்னாலுமன்றி எதனாலும் வகுபடாதவை அவை என்று, எட்டு இலக்கம் வரை ஒரு விடுமுறை முழுக்கக் கையாலேயே வகுத்துப் பார்த்தவள். அதிபரிடம் ஆசையோடு கொடுத்தாள். பத்திரிகையில் அதிபரின் படம் வந்தது, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக.

கேட்கப் போனபோது, "எண் எல்லாருக்கும் பொது, பிள்ளை. பேர் வைக்கத்தான் ஒரு தகுதி வேணும்" என்றார். அந்தத் தகுதிக்கு விழுந்த பொன்னாடைகளில் அவர் வீட்டு யன்னல்களுக்கெல்லாம் சீலை போடலாம்.

"எட்டு இலக்கமெல்லோ, கோபி? இதில ஒன்பது கிடக்குது."

"ஓம் ரீச்சர். எட்டு சனியின்ர இலக்கமாம். கல்லில வெட்டினால் குடும்பத்துக்குக் கூடாதாம். இன்னொரு மூண்டைப் போட்டு ஒன்பதாக்கச் சொன்னவர். பிழை வராதோ?"

நிமலினி ஒரு கடதாசித் துண்டில் சின்ன எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாள். பதினேழில் மிச்சமில்லாமல் விழுந்தது. கடதாசியைக் கசக்கினாள்.

"அவரே சொன்னால் பிறகென்ன? வெட்டச் சொல்லும். நல்ல ஆழமா வெட்டச் சொல்லும்."

திறப்புவிழாவில் அதிபர் மாலைக்கு மேல் மாலையாக நின்று முழங்கினார். "இந்த எண்ணை உலகத்தில ஆராலும் வகுக்க ஏலாது!"

நன்றியுரைக்கு எழும்பிய நிமலினி, "பதினேழால வகுக்கலாம், சேர்" என்றாள்.

சனம் கைபேசிகளை எடுத்தது. "அச்சொட்டாப் பிரியுது அண்ணை! ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்துச் சொச்சம்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"ஃபோன் பிழையாக் காட்டும்" என்றார் அதிபர். எல்லா ஃபோனும் ஒரே பிழையைக் காட்டின. மாலைகளுக்குள் வியர்த்த மனிதர் சட்டென்று நிமலினியை நோக்கி விரலை நீட்டினார்.

"இது என்ர எண்ணே இல்லை! உந்தப் பிள்ளை படிக்கேக்க கொண்டுவந்து தந்தது. பிழையெண்டால் அவவைக் கேளுங்கோ!"

ஒலிபெருக்கி அதை இறங்குதுறை வரை கொண்டுபோனது. இத்தனை வருடமும் நிமலினி கேட்க ஏங்கிய வாக்குமூலத்தை, கேட்காமலே கொடுத்துவிட்டார்.

"ஓம், நான்தான் தந்தனான்" என்றாள். "நான் தந்தது எட்டு இலக்கம். அதை இண்டைக்கும் ஆராலும் வகுக்க ஏலாது. சனிக்குப் பயந்து சேர்த்த மூண்டு மட்டும்தான் உங்கட கண்டுபிடிப்பு, சேர்."

சிரிப்பு அடங்கியபோது அதிபரின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"கல்லைக் கழட்டுவமோ, ரீச்சர்?" என்றான் கோபிசங்கர்.

"கை வைக்காதேயும். அவற்ற பேரோட நிக்கட்டும்."

அவள் கல்லைப் படமெடுத்து, அவருடைய பேச்சின் பதிவோடு சேர்த்துக் கனடாப் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பினாள். அதிபரின் படகு அக்கரைக் குறிகட்டுவான் துறையைத் தொடுமுன்பே ரொறன்ரோவில் வகுத்து முடித்திருந்தார்கள்.