வாத்தியாரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வலது காலை அழுத்தி ஊன்றினால் அவரைச் சுற்றி நகர்வதெல்லாம் நின்றுபோகும். முதலில் மின்விசிறி நின்றது. மறுநாள் பொங்கி வந்த பால் பாத்திரத்தின் விளிம்பிலேயே நின்றது. அப்புறம், திட்டிக்கொண்டிருந்த மனைவியே பாதிச் சொல்லில் வாய் திறந்தபடி நின்றாள். அவர் காலைத் தூக்கியதும் மீதியையும் ஒன்று விடாமல் திட்டி முடித்தாள். காலில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். காரணம் வாத்தியாருக்குத் தெரியும். அந்த வாரம்தான் அவருடைய பயிற்சிக் கார் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போலீஸ்காரரிடம் கோர்ட்டுக்கு வரச்சொல்லும் சீட்டு வாங்கியிருந்தது. ஓட்டியவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். பக்கத்து இருக்கையில் இருந்த வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்பவர் தவறினால் அவர் மிதிப்பதற்காகவே வைத்தது. அவரோ மச்சான் அனுப்பிய வேடிக்கைப் படத்தைக் கைப்பேசியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் சார், பதட்டத்துல மறந்துட்டேன்" என்று அவள் அழுதபோது "சரி விடும்மா" என்றாரே தவிர, படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வக்கீல் வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே ரகளை. "போய்த் தப்புதான்னு ஒத்துக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. "லைசென்ஸ் போனா பிழைப்பு என்னாகும் அத்தான்?" என்று மச்சான் ஒரு வக்கீலையே கையோடு கூட்டிவந்தான். வக்கீல் எல்லாம் கேட்டுவிட்டு, "ரொம்ப லேசுங்க. நீங்க நிறுத்தச் சொன்னீங்க, அந்தப் பொண்ணு கேக்கல. அவ்வளவுதான்" என்றார். அப்படிச் சொன்னால் அவளுக்கு ஒரு வருஷம் லைசென்ஸ் கிடைக்காது; கடை முதலாளி தருவதாகச் சொல்லியிருந்த மருந்து வேன் வேலையும் போய்விடும். எல்லாம் தெரிந்தும் வாத்தியார் தலையாட்டினார்.

கோர்ட்டில் அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் அவளை நோக்கி விரலை நீட்டியதும் வாத்தியார் காலை ஊன்றினார். விசிறி நின்றது, நீதிபதியின் பேனா நின்றது, நீட்டிய விரல் நின்றது. அவள் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றது. அதைப் பார்க்க முடிந்த மட்டும் பார்த்தார். பிறகு காலைத் தூக்கினார்.

"ஐயா, நான் நிறுத்தச் சொல்லவே இல்ல. பிரேக் என் காலடியிலயும் இருந்துச்சு. நான் போனைப் பாத்துச் சிரிச்சிட்டிருந்தேன்."

அரை வருஷத்துக்கு அவருடைய லைசென்ஸை முடக்கினார்கள். மச்சான் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தினான். அதுவும் ஒரு லாபம். வீட்டில் "ஏங்க, பால் பொங்குது, கொஞ்சம் மிதிங்க" என்று மனைவி கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

ஒருநாள், சீட்டு வாங்கிய அதே விளக்கு முக்கில் வாத்தியார் நின்றிருந்தபோது மருந்து வேன் வேகமாக வந்தது. ஓட்டியவள் அவள். விளக்கு சிவப்புக்கு மாறியது. வாத்தியார் பதறி, மிதிப்பதற்காகக் காலைத் தூக்கினார். வேன் கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. குனிந்து பார்த்தார்; கால் இன்னும் தரையைத் தொடவில்லை. விளக்கு பச்சையாகும்வரை அப்படியே ஒற்றைக் காலில் நின்றார்.