ஒரே தாள், இரண்டு நாக்கு

சுசீலா மாமியாருக்குச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்ற பேச்சு, ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வரிசை முழுக்கப் பரவியிருந்தது. அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. குழாயடிக்கு அவள் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். நிறைந்த குடத்தோடு திரும்பினால் மறுபடி தொடங்கும். ஒரு பெண்ணுக்குப் புரிய அது போதாதா?

மருந்து என்றால் விஷமில்லை. அது ஏதோ ஒரு வேர், ஏதோ ஒரு சாம்பல். சோற்றில் கலந்து போட்டால் வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும், பெற்ற மகனையே பிரித்துவிடும் என்று நம்பிக்கை. சுசீலாவுக்கு அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே ஆவடிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அவள் பிறந்து வளர்ந்தது குன்னூர்ப் பக்கம் அருவங்காட்டில். அப்பாவுக்கு அங்கே பாக்டரி வேலை. வீட்டுப் பின்னால் கோஸும் நூக்கோலும் முள்ளங்கியும் விளையும். பிஞ்சுக் கோஸைப் பச்சையாகவே கடித்துத் தின்று வளர்ந்தவள். கல்யாணமாகி ஆவடிக்கு வந்தபோது, வெயிலும் உப்புத் தண்ணீரும் அவளை அழவைத்தன. மார்க்கெட்டில் குவிந்து கிடந்த கோஸைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. வாரத்தில் பாதி நாள் அவள் சமையல் அதுதான். புருஷன் திருவேங்கடம், டாங்கிப் பட்டறையில் பிட்டர், போட்டதைத் தின்றுவிட்டு ‘நல்லாக்கீது’ என்று எழுந்து போவான்.

மாமனார் காலமான பிறகு மாமியார் நாகம்மாள் குத்தம்பாக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆயுசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பிடுங்கியவள். கீரை, கத்திரிக்காய், கருவாடு, இவைதான் அவள் அறிந்த ருசி. வந்த ஓரிரு நாள் மருமகளோடு நன்றாகத்தான் இருந்தாள். அந்த வீட்டில் முதல்முதலாகக் கோஸ் பொரியலை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இன்னாம்மே இது, இப்டிக் கசக்குது?”

சுசீலா தன் தட்டிலிருந்து எடுத்துத் தின்று பார்த்தாள். தித்திப்பாகத்தான் இருந்தது. “கசக்கலீங்களே அத்தை. இளங்கோஸுங்க.”

“டேய், நீ சொல்லுடா,” என்று நாகம்மாள் மகனைப் பார்த்தாள்.

திருவேங்கடம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எனக்கு ஒண்ணியும் தெரிலமா. நல்லாத்தான் கீது.”

அங்கேதான் வந்தது வினை. இரண்டு நாள் கழித்து நூக்கோல் குழம்பு, அதுவும் கசந்தது. நாலாம் நாள் முள்ளங்கி. கத்திரிக்காய் போட்ட நாளில் கசப்பே இல்லை. மகனைக் கேட்டால் எல்லா நாளும் ‘நல்லாத்தான் கீது’. ஒரே சட்டி, ஒரே கரண்டி, மூன்று பேர் தின்கிறார்கள், தனக்கு மட்டும் கசக்கிறது. காய் குற்றமாக இருந்தால் மகனுக்கும் கசக்க வேண்டாமா? நாகம்மாள் முட்டாள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். கசப்பு சட்டியில் இல்லை; தன் தட்டில் மட்டும் விழுகிறது. போடுகிற கை யாருடையது என்பது தெரிந்த விஷயம்தானே.

முதலில் மருமகள் பரிமாறினால் வேண்டாம் என்றாள். அப்புறம் சாப்பாட்டையே குறைத்தாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு, பின்கட்டில் தனியாக ஒரு ஸ்டவ்வை வைத்துக்கொண்டாள். பயத்திலேயே பாதி உடம்பு வற்றிப்போனது. கன்னம் ஒட்டிய அந்த முகத்தைப் பார்த்த வரிசைக்காரர்கள், மருந்து வேலை செய்கிறது என்றார்கள்.

சுசீலாவும் சாப்பிடவில்லை. ஒருநாள் அவள் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். நாகம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல எழுந்து போனாள். திருவேங்கடம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, “வுடும்மா... வுடு சுசீ...” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாதவனாக இருந்தான்.

கடைசியில் நாகம்மாளே முடிவு சொன்னாள். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு அம்மா, வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி மருந்தை வெளியே எடுத்துக் காட்டுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போக வேண்டும். “இவளும் வரணும். எடுத்துப் போட்டதும் இன்னான்னு கண்ணால பாக்கட்டும்.”

சுசீலா சூட்கேசில் தன் புடவைகளை மடித்து வைத்தாள். அந்த அம்மா வாயிலிருந்து எதையாவது துப்பிக் காட்டத்தான் போகிறாள். காட்டிய பிறகு இந்த வீட்டில் என்ன வேலை? அங்கிருந்தே சென்ட்ரலுக்குப் போய் மேட்டுப்பாளையம் ரயில் ஏறிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் வாசலில் இறங்கியபோது, எதிர்வீட்டு கஜபதி சார் பாதாம் மரத்தடியில் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

கஜபதி பாக்டரி கெமிக்கல் லேபில் எண்ணெயும் ரப்பரும் சோதிக்கிறவர். அவரிடம் ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டால் பத்துப் பேரிடம் சொல்லாமல் சோறு இறங்காது. ஐஸ் கட்டிமேல் ஒரு நூலைப் போட்டு உப்பைத் தூவி, முடிச்சே போடாமல் அப்படியே தூக்கிக் காட்டுவார். பூங்காவனம் கடம்பா மீன் அலசிக்கொண்டிருந்தபோது, “இதுக்கு மூணு இதயம், தெரியுமா?” என்று சொல்லி அன்றைக்கு அவளைச் சாப்பிடவிடாமல் செய்தவர். அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எப்போதும் தானே பேசிக்கொண்டிருப்பதால், வரிசையில் மற்றவர்கள் பேசுவது எதுவும் அவர் காதில் விழுவதில்லை. சுசீலா வீட்டு விவகாரம் தெரியாத ஒரே மனிதர் அவராகத்தான் இருந்திருப்பார்.

“வாங்க வாங்க, திருவேங்கடம்! அம்மா, நீங்களும் வாங்க. ஒரே நிமிஷம்.” அவர் கையில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் நீளவாக்கில் நறுக்கிய வெள்ளைத் தாள்கள். “காலேஜ்ல வேலை செய்யற சிநேகிதன் குடுத்தான். நாக்குல வைங்க, போதும். என்ன ருசின்னு சொல்லுங்க.”

“பஸ்ஸுக்கு நேரமாவுது, சார்,” என்றான் திருவேங்கடம்.

“பஸ் அடுத்தது வரும். இது வராது!”

அவரிடமிருந்து தப்ப அதுதான் வழி என்று மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். நாகம்மாள் நாக்கில் வைத்தாள். வைத்த மறுநொடி, “த்தூ!” என்று துப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஐயோ! எட்டிக்காயாட்டம் கசக்குதே, நைனா!”

சுசீலா தன் தாளை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். வெறும் காகிதம். ஒரு ருசியும் இல்லை. “எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க,” என்றாள்.

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நாகம்மாளின் முகம் மாறிவிட்டது. மருமகளையும் கஜபதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஓ, இங்கியும் அப்டித்தானா? எனக்குக் குடுக்கறது மட்டும் கசப்பு. அவுளுக்குக் குடுக்கறது வெறுந்தாளு. நீயும் இவளுக்குக் கூட்டா, நைனா?”

கஜபதி ஒன்றும் புரியாமல் விழித்தார். இத்தனை நாள் குழாயடியில் ஓடிய பேச்சு, முதல்முறையாக எல்லோர் முன்னாலும் நடுத்தெருவில் வந்து நின்றது.

சுசீலா கையை நீட்டினாள். “சார், டப்பாவைக் குடுங்க.”

வாங்கி நாகம்மாளிடம் நீட்டினாள். “அத்தை, நீங்களே ஒண்ணு எடுங்க. உங்களுக்கு எது இஷ்டமோ அது.”

நாகம்மாள் சந்தேகத்தோடு அடியிலிருந்து ஒன்றை உருவினாள்.

“நீங்களே ரெண்டாக் கிழிங்க. ஒரு பாதி உங்க வாயில வைங்க. இன்னொரு பாதியை உங்க கையாலயே எனக்கு வைங்க.”

சுசீலா வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். இந்தத் தாளில் என்ன இருக்கிறது, ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் இதைவிட்டால் வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. நாகம்மாள் தாளைக் கிழித்தாள். ஒரு பாதியை மருமகள் நாக்கில் வைத்தாள். மறுபாதியைத் தன் நாக்கில் தொட்டாள். உடனே உடம்பைக் குலுக்கித் துப்பினாள். மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

“மெய்யாலுமே ஒனக்குக் கசக்கலியாம்மே?”

“இல்லீங்க அத்தை.”

கஜபதிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. “அதான்மா! அதைத்தான் சொல்ல வந்தேன்! அமெரிக்காவுல ஒருத்தர் லேபில ஒரு பொடியைக் கொட்டிக்கிட்டிருந்தாராம். அது காத்துல பறந்தது. பக்கத்துல வேலை செஞ்சவர், ‘ஐயையோ, வாயெல்லாம் கசக்குது’ன்னாரு. கொட்டினவரு, ‘பொய் சொல்றே, எனக்கு ஒண்ணுமே தெரியல’ன்னாரு. ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துடுச்சு. அப்புறம் கண்ல பட்டவங்க நாக்குலயெல்லாம் தடவிப் பாத்தாங்க. சிலருக்குக் கசந்தது, சிலருக்குக் கசக்கல. அந்தப் பொடிதான் இந்தத் தாளுல தடவியிருக்கறது. மூக்கு, முழி மாதிரி இதுவும் பிறவியிலேயே வர்றது. அம்மா அப்பாகிட்டருந்து வர்ற நாக்கு. யார் சொன்னதும் பொய்யில்ல!”

கூட்டம் டப்பாமேல் விழுந்தது. பூங்காவனம் துப்பினாள், அவள் புருஷன் இரண்டாவது தாளையும் சப்பிவிட்டு, “நீ சும்மா நடிக்கிறே,” என்று சொல்லி அவளிடம் திட்டு வாங்கினான். இதுவரை பேசாமல் நின்றவர்களெல்லாம் இப்போது சத்தமாகச் சிரித்தார்கள்.

“சில காயிலயும் இதே மாதிரிக் கசப்பு உண்டு,” என்று கஜபதி யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். “கோஸு, நூக்கோலு, முள்ளங்கி... இந்த நாக்கு உள்ளவங்க சில பேருக்கு அதெல்லாம் கசக்கும். மத்தவங்களுக்குத் தித்திக்கும்.”

சுசீலா அப்படியே நின்றாள். நாகம்மாளும் நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு ஓடியது. சுசீலா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் வாங்கிய தாள் வாங்கியபடியே இருந்தது.

“நீங்க இன்னும் வைக்கவே இல்லீங்களே.”

“அட, எனக்கு எதுக்கு...”

“வைடா,” என்றாள் தாய்.

திருவேங்கடம் தாளை நாக்கில் வைத்தான். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் கன்னம் துடித்தது, கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் துப்பினான்.

“கசக்குதாங்க?”

“...ஆமா.”

“கோஸு?”

அவன் தரையைப் பார்த்தான். “அதுவும்தான். கண்ணாலம் ஆன நாள்லருந்தே. நீ ஊரை நெனச்சு அழுதுகினு இருந்தே. அதான் ஒனக்குப் புடிச்ச காயி. வாணாம்னு சொல்ல மனசு வரல சுசீ. அப்பால அம்மா கேட்டப்போ கசக்குதுன்னு சொன்னா, இத்தினி நாளு சொன்னது பொய்யின்னு ஆயிடுமேன்னு...”

நாகம்மாள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பாவி! நான் செத்துப்புடுவேன்னு தினம் பயந்துகினு படுத்தேன்டா! ஒரு பொண்ணு மேல பயி சொன்னேன்டா!” அடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். வெட்கப்படவில்லை, வயலில் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: “எல்லாரும் கேட்டுக்குங்க. என் மருமவ என் சோத்துல ஒண்ணியும் வெக்கல. என் நாக்கு அப்டி. எம் புள்ள நாக்கும் அப்டி. நான்தான் தப்பாப் பேசிட்டேன்.”

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள். கஜபதி காலியான டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வேடிக்கைத் தாள் இங்கே என்ன செய்துவிட்டது என்பதைப் பூங்காவனத்தின் புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேசாமல் கேட்டார்.

பூந்தமல்லிக்கு யாரும் போகவில்லை. வீட்டுக்குள் வந்ததும் சுசீலாவுக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நாளும் பயத்துக்கு மட்டுமே இடம் இருந்த நெஞ்சில், இப்போதுதான் கோபத்துக்கு இடம் கிடைத்தது. “பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல வாய் இல்லீங்களா? ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லுங்க!” என்று புருஷனை வறுத்தெடுத்தாள். அவன் சமையற்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நாகம்மாள் குறுக்கே வரவில்லை. தேவையான இடத்தில், “இன்னும் கேளு, நல்லாக் கேளு,” என்று எடுத்துக்கொடுத்தாள்.

மதியம் நாகம்மாள் கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சுசீலா இரண்டாம் முறை சோறு வாங்கினாள். மூன்றாம் முறையும் வாங்கினாள். எவ்வளவு பசி உள்ளே இருந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. கை கழுவிவிட்டுச் சும்மா ஒரு நிமிஷம் என்று பாயில் சாய்ந்தவள், காற்றாடிக்கு அடியில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

வாசலில் கஜபதியின் குரல் கேட்டது. “திருவேங்கடம்! இன்னொரு விஷயம் தெரியுமா? இந்தப் பூனை இருக்கே, அதுக்குத் தித்திப்பே தெரி...”

நாகம்மாள் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்தினாள்.

“மெதுவாப் பேசு, நைனா. மருமவ தூங்குது.”