ஈரக் கட்டை

நசரத்பேட்டையில் எங்கள் கம்பெனியில் வேர்க்கடலைத் தோலையும் கரும்புச் சக்கையையும் அரைத்து அழுத்தி எரிகட்டையாக்குவோம். பாய்லருக்கும் போகும், சுடுகாட்டுக்கும் போகும். லாரியில் வரும் தோல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மீட்டர் ஒன்று இருக்கிறது, அதை யார் நம்புவார்கள்? உள்ளங்கையில் அள்ளி நெரிப்பேன். நொறுங்கினால் உள்ளே, நசுங்கினால் வெளியே. ஒன்பது வருடத்தில் எந்த டிரைவரின் கெஞ்சலுக்கும் நான் மசிந்ததில்லை.

போன மாதம் ஒரு மழை நாளில் லாரி வந்து நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன். என் வீட்டுக்காரர் கன்னியப்பனுக்கு மறுபடி மூச்சுத்திணறல். "உள்ளே வுடுங்க" என்று கையாட்டிவிட்டு ஓடினேன். தோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் போராடி அவர் போய்விட்டார்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் சனத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு என்னை நிறுத்திவிட்டார்கள். சுடுகாட்டில் கட்டையைப் புகைய வைத்து, அதில் வரும் வாயுவில்தான் எரிப்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப வேண்டியவர்கள் மூன்று மணி நேரமாகியும் வரவில்லை. கொழுந்தன் ஜீவாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, பாதியிலே நின்னு போச்சு. வெறும் பொகதான் வருது. இன்னா பண்றதுன்னே தெரில."

"கட்டை எங்கேர்ந்து வந்துதாம்?"

"உங்க கம்பெனி மூட்டதான் கீது அண்ணி."

ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் பங்காளிகள் மறித்தார்கள். "பொம்பள இங்கெல்லாம் வரக்கூடாதும்மா."

"நான் பாக்காம வுட்ட ஈரந்தான் அவர எரிய வுடல. நவுருங்க" என்றேன். வழிவிட்டார்கள்.

மூட்டையைத் தரையில் கொட்டி, இரண்டிரண்டாகத் தட்டிப் பார்த்தேன். காய்ந்த கட்டை டக்கென்று கேட்கும், ஈரக் கட்டை தொப்பென்று கேட்கும். மூட்டைக்குப் பத்துகூடத் தேறவில்லை. தேறியதை மடியில் அள்ளி அள்ளி எரிக்கிறவரிடம் கொடுத்தேன். நாலாவது மூட்டையில்தான் நெருப்புப் பிடித்தது. கட்டை கேட்டைத் தாண்டிவிட்டால் என் வேலை முடிந்தது என்றே இத்தனை வருடமும் இருந்துவிட்டேன். அது போய்ச் சேருமிடத்தில் ஓர் ஆள் படுத்திருப்பார் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் பாதியில் கிடந்த அந்த நேரத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜீவா வந்து தோளைத் தொட்டான். "முடிஞ்சிட்சி அண்ணி. வா, ஊட்டுக்குப் போலாம்."

அப்போது வாசலில் இன்னொரு சவ வண்டி வந்து நின்றது. உள்ளே யாரோ ஒரு பெண். பின்னால் அவள் பிள்ளைகள் நடந்து வந்தார்கள்.

"நீ போ ஜீவா. இன்னும் ஆறு மூட்ட கீது" என்றேன்.