ராகுகாலத்துக்குள் மதுரை

1

இந்தக் கதை திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஒரு பலசரக்குக் கடைச் சுவரில் கிடைத்தது. தினசரிக் காலண்டரும் விமான நேர அட்டவணையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு விமானம் பன்னிரண்டேகாலுக்கு. முக்கால் மணிப் பயணம். ராகுகாலத்துக்குள்ளேயே ஏறி, பறந்து, இறங்கிவிடலாம். பஸ்ஸில் முந்நூறு கிலோமீட்டர் போனால் ராகுகாலம் நாகர்கோவில் பக்கமே இறங்கிக்கொள்ளும். ஆகாயத்தில் இருநூறுகூட இல்லை. கடைசிவரை கூடவே வரும்.

சரி, யாரை ஏற்றுவது?

2

"நீல வானில் வெள்ளிப் பறவையென அந்த விமானம்..." (அடித்துவிட்டேன்.)

சேஷன். அதே ஊரில் ஸ்ரீவராகத்துக்காரர், ஆபீஸ் குமாஸ்தா, நாற்பத்து நாலு வயதுப் பிரம்மச்சாரி. மதுரையில் டீச்சர் வேலை பார்க்கும் விஜயத்தோடு இரண்டு முறை கல்யாணத்துக்கு நாள் குறித்து, இரண்டு முறையும் புறப்படாமல் இருந்துவிட்டார். ஒருதரம் கிழக்கே சூலம். மறுதரம் கிளம்பவேண்டிய நாள் கரிநாள். மூன்றாம் தடவை அவள் டிரங்கால் போட்டுச் சொன்னாள்:

"நேரம் பாக்காம வரதானா வாங்கோ. இல்லேன்னா பஞ்சாங்கத்தையே கல்யாணம் பண்ணிண்டுடுங்கோ."

பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். வியாழக்கிழமை முகூர்த்தம். (பஸ்ஸில் போய்விடுவாரோ என்று ஒரு மழையை வரவழைத்து ரோட்டை நானே உடைத்துவிட்டேன்.)

3

புதன் காலை, நல்ல நேரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வள்ளக்கடவில் குடியிருக்கும் ஆபீஸ் நண்பர் பிச்சைக்கனியின் வீட்டில் சேஷன் தன் பையைக் கொண்டுபோய் வைத்தார்.*

"பை யாத்திரை புறப்பட்டாச்சு கேட்டோ," என்றார் பிச்சைக்கனி. "இனி சாமி பின்னாலே போனாப் போதும்."

அப்படியே போனார். வீட்டுக்குத் திரும்பிக் குளித்து, டாக்ஸி பிடித்து, நேரே விமானம். புறப்பட்டுவிட்ட பையைப் பற்றி யாராவது கவலைப்படுவார்களா? உள்ளே நாலு வேட்டி, சவரப்பெட்டி, திருமாங்கல்யம்.

*பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் மூட்டையை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் ஆசாமியும் அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம், ராகுவுக்குத் தெரியாது. விஜயத்துக்கும் தெரியாது.

4

மேகத்துக்கு மேலே போனபிறகுதான் பையைத் தேடி மடியைத் தடவிப்பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதறது நீங்கதானே? இறக்காம வெச்சுக்கோங்கோ. நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கணும்."

எதிர்காற்று கொஞ்சம் போட்டேன். கோவில்பட்டிக்கு மேலே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் கீழே ஆடுகள்கூட அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டன. சேஷன் இருக்கைப் பட்டையை மாட்டினார், கழற்றினார், மாட்டினார். பைலட் என்னைக் காரணம் கேட்டார். விமானம் பெட்ரோலில்தான் ஓடுகிறதாம், என் கற்பனையில் இல்லையாம்.

5

முடிவுகள்:

விமானக் கம்பெனி பையைத் தொலைத்துவிட்டது என்று சொல்லலாம். சேஷனுக்குப் பொய் வராது. எனக்கு வரும், ஆனால் தாலி கட்டப்போவது நானில்லை.

மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டலாம் என்பீர்கள். தாராளமாக. மதுரையில் மஞ்சள் கிடைக்கும். ஆனால் பை எங்கே போயிற்று என்று அவள் கேட்காமலா இருப்பாள்? உண்மையைச் சொன்னாலோ

(இந்த வாக்கியத்தை நாலு தரம் தொடங்கிவிட்டேன்.)

6

இறங்கிவிட்டது. அத்தனை சுற்றியும் ராகுகாலம் தீரவில்லை.

வெளியே விஜயம் நிற்கிறாள். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு.

"ராகுகாலத்துலயா கிளம்பி வந்தேள்? நிஜமாவே நேரம் பாக்கலையா?"

அந்தச் சிரிப்பு அவருடைய வெறுங்கைவரை இறங்கிவந்து, அங்கே நிற்கிறது.

"பை எங்கே?"

சேஷன் வாயைத் திறந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். ஏதாவது சொல்லுங்கள் ஐயா, அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.