கல் கட்டி விட்ட கவர்

தாமோதரன் பெஞ்சில் மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் போய், சாலையில் நகராமல் நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தான். திரும்பி வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றே கால். வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காலை அவன் ஐதராபாத்தில் ஒரு விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். பைலட் லைசென்ஸ் கையில் இருந்தது. உடல் தகுதிச் சான்றிதழ் இல்லை. காணவில்லை என்று போலீஸ் தரும் சான்றும், நகல் கேட்டு டெல்லிக்கு மனு அனுப்பிய ரசீதும் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். கூரியர் ஆபீஸ் ஆறு மணிக்கு மூடிவிடும். இந்த வேலை போனால் அடுத்தது எப்போது வருமோ என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருக்க அவனால் முடியாது.

ஏட்டு வரதன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரை இழுத்தார்.

"பைலட்டுன்னா இன்னா? ஹார்பர்ல கப்பலை உள்ள இட்டாருவாங்களே, அதுவா?"

"இல்ல சார். ஏரோப்ளேன்."

வரதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "குப்பத்துலேர்ந்தா? மெய்யாலுமா? அப்ப நம்ம ஏரியா மேல போறப்ப கொஞ்சம் தாழ ஓட்டுப்பா. கொசுவாவது ஓடும். சரி, எங்க தொலைச்ச?"

"ராயபுரம் போற பஸ்ல."

"டிப்போல கேட்டியா?"

"கேட்டேன்."

"யாரை?"

தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த குப்பம்மா, காலி மீன்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அவன் மாமியார். காசிமேட்டிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"இன்னாத்துக்கு நைனா பொய் சொல்லிகினு கீற? பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல சார். கடல்ல போட்டாச்சு. நான்தான் மூட்டை கட்டிக் குடுத்தேன். எம்மேல கேஸ் போட்டுக்கோ."

வரதன் பேனாவை மூடினார். "விஷயத்தைச் சொல்லுங்க."

விஷயம் சின்னது. அவன் மனைவி வினிதா நுரையீரல் கெட்டு இறந்து நாற்பது நாள் ஆகிறது. நோயில் போனவரின் பாய், தலையணை, மாத்திரை, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் கருமாதி அன்று படகில் ஏற்றி, கரை மறைகிற தூரத்தில் கல் கட்டி விட்டுவிடுவது அவர்கள் குப்பத்து வழக்கம். நோய் வீடு திரும்பக் கூடாது. தாமோதரனின் தகுதிச் சான்றிதழும் மார்பு எக்ஸ்ரேயும் வினிதாவின் எக்ஸ்ரே கவருக்குள்தான் இருந்தன. அவள்தான் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. கவரின் மேல் அவள் பெயர். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. படித்தவன், அவனும் பார்க்கவில்லை. ஐதராபாத்திலிருந்து கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

வரதன் எழுதிய தாளைக் கிழித்தார். "நீங்களே போட்டா அது தொலைஞ்சது இல்லம்மா. போட்டது. போட்டதுக்கு சர்டிபிகேட் குடுக்க முடியாது. சும்மா இருந்த புள்ளையைக் கெடுத்துட்டியே."

"நான் இன்னா கெடுத்தேன்? உள்ளதைச் சொன்னேன்."

தாமோதரன் வாசல்வரை போனான். அதே லாரிகள். திரும்பி வந்தான். "சார், ஆறு மணிக்குக் கூரியர் மூடிடுவான்."

"உக்காருய்யா முதல்ல. நீ நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

அவன் உட்காரவில்லை. வரதன் ஒரு தடித்த ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். பிறகு அதை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க ஆளுங்க மாசத்துக்குப் பத்துப் பேர் வர்றாங்க. ரேஷன் கார்டு, போட் பேப்பரு, எல்லாம் கடல்ல வுழுந்துடுச்சுன்னு. பஸ்ஸுன்னா டிப்போல கேட்டியான்னு கேப்பான். கடல்ல தேடினியான்னு எந்த ஆபீசரும் கேக்க மாட்டான். நீ படகுல போனியா இல்லியா?"

"போனேன்."

"உன் கையிலேர்ந்துதான போச்சு?"

"என் கையிலேர்ந்துதான்."

"அப்புறம் இன்னா? படகில் சென்றபோது கை தவறி விழுந்துவிட்டதுன்னு எழுது."

எழுதினான். 'கை தவறி' என்ற இடத்தில் பேனா நின்றது. அன்று நைலான் கயிறு மூன்று சுற்று. சுக்கான் பிடித்தவர் "போதும்பா, வுடு" என்றார். அவன் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். பழுப்புக் கவர் கொஞ்ச ஆழம்வரை தெரிந்தது.

'கை தவறி' என்று எழுதி முடித்தான்.

"கூட இன்னா இருந்துச்சு? ஒண்ணு வுடாம எழுது. பிற்பாடு டெல்லிக்காரன் கேப்பான்."

எக்ஸ்ரே இரண்டு என்று எழுதினான்.

"ரெண்டா? ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு என்னது."

வரதன் குப்பம்மாவைப் பார்த்தார். அவள் சும்மாட்டுத் துணியை உதறி மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி. ரெண்டுன்னே இருக்கட்டும்."

அச்சடித்த படிவத்தை நிரப்பி, ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கடைசி வரி: மேற்கண்டவை எவருக்கேனும் கிடைத்தால் இந்நிலையத்தில் ஒப்படைக்கவும்.

"அதை அடிச்சுடு சார்," என்றாள் குப்பம்மா. "அது திரும்பி வரக் கூடாது."

"அது பாரத்துல இருக்கறதும்மா. எல்லாருக்கும் அதான்."

அவளுக்கு மனம் ஆறவில்லை. தாமோதரன் பக்கம் திரும்பினாள். "கல்லு நல்லாத்தான கட்டின?"

"நல்லாத்தான் கட்டினேன் அத்தே."

வரதன் காதில் அது விழுந்தது. ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு, அவன் எழுதியதை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மையில் இரண்டு தரம் ஒற்றி, 'கை தவறி' என்ற வரிக்குக் கீழே ஓங்கிக் குத்தினார்.

மணி நாலே கால். மை காயும்வரை தாமோதரன் நிற்கவில்லை.